வேரில் ஊற்றும் நீர்

(கழக வெள்ளி விழாவில் பெற்றோர் – ஆசிரியர் அரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுப் பணியின் பயனாய்ப் பட்டம் பெற்ற நம் பிள்ளைகளின் படங்கள் இம்மண்டபத்தின் சுவர்களை அணிசெய்கின்றன. அவற்றைக் காணுந்தோறும் நெஞ்சு நிமிர்கிறது. ஆயினும், அச்சுவரில் இடம்பெறாத ஒரு சிறுவனைப் பற்றியே முதற்கண் பேச விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் உதவித்தொகை கேட்டு நம் கழகத்திற்கு வந்தான். விண்ணப்பப் படிவத்தைப் படித்துப் பார்த்து நிரப்பித் தருமாறு கூறினோம். கண் வலிக்கிறது என்றான். அதனை மெய்யென்றே நம்பிக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். கண்ணில் பழுது ஏதும் இல்லை. அவனுக்குப் படிக்கத் தெரியவில்லை. அதனைச் சொல்ல நாணினான், அவ்வளவே.

அன்பாய் விசாரித்தபோது செய்தி வெளிவந்தது. இரண்டாம் வகுப்பில் பொங்கல் கழிந்ததும் பெற்றோருடன் செங்கற்சூளைக்குச் சென்றிருக்கிறான். திரும்பி வந்தபோது பாடம் வெகுதூரம் சென்றுவிட்டது. கடைசி வரிசையில் அமர்த்தப்பட்டான். வகுப்பறையைப் பெருக்கவும் கழிப்பறைக்குத் தண்ணீர் சுமக்கவும் அவன் பெயர் தவறாமல் அழைக்கப்பட்டது. வாசிக்க மட்டும் ஒருநாளும் அழைக்கப்படவில்லை. அடுத்த ஆண்டே படிப்பை விட்டு வேலைக்குப் போய்விட்டான். நாம் கொடுத்த உதவித்தொகையால் அவனை நிறுத்திவைக்க இயலவில்லை.

இதில் நமக்கும் பங்குண்டு என்பதை இந்நன்னாளில் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். பத்தாம் வகுப்பில் தேறியவர்களைத் தேடித் தேடிப் பரிசளித்தோம். அந்தப் படிவரை ஏறிவர இயலாமற் போனவர் எத்தனை பேர், எந்த வகுப்பில் இடறினர் என்று கேட்க மறந்தோம். நுனியில் நீர் தெளித்துவிட்டு வேரை வாடவிட்டோம்.

நம் முன்னோர் இவ்வாறு மறக்கவில்லை. 1894ஆம் ஆண்டில் சென்னை அடையாறை அடுத்த ஊரூரில் கர்னல் ஆல்காட் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அது தொடக்கக் கல்விக்காகவே எழுந்த பள்ளி. பாபாசாகேப் அம்பேத்கர் தம் இளமையில் பள்ளிக்கூடத்தில் தனியே சாக்கு விரித்து அமர்ந்ததையும், பள்ளி ஏவலர் வந்து ஊற்றினாலன்றித் தண்ணீர் அருந்த இயலாதிருந்ததையும் பிற்காலத்தில் எழுதி வைத்தார். சிறு வயதில் பட்ட அவமதிப்பு எத்துணை ஆழமாய்ப் பதியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அவ்வாறாயின், ஒரு தொடக்கப் பள்ளி நம் குழந்தைக்குச் செய்ய வேண்டுவன யாவை?

முதலாவது, பசி நீக்குதல். 1920இல் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் உணவளிக்கத் தொடங்கியது. 1956இல் காமராசர் அரசு மதிய உணவைத் தமிழகமெங்கும் கொண்டு சென்றது. 1982இல் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் வந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. விடியுமுன் நடவுக்கோ களையெடுப்புக்கோ செல்லும் தாய்மார்களுக்கு இதன் அருமை தெரியும். ஆயினும் 2023இல் கரூர் மாவட்டப் பள்ளி ஒன்றில், நம் சமூகத்துப் பெண் சமைத்த காலை உணவைத் தம் பிள்ளைகள் உண்ணலாகாதெனப் பெற்றோர் சிலர் தடுத்தனர். மாவட்ட ஆட்சியரே நேரில் சென்று அவ்வுணவை உண்ண வேண்டியதாயிற்று. வயிற்றுப் பசியைத் தீர்க்கும் கூடத்திலேயே மானம் குலைக்கப்படுமாயின், அவ்வுணவு எப்படி உடலில் ஒட்டும்?

இரண்டாவது, மதிப்பு. கல்வி உரிமைச் சட்டம் 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு குழந்தையை அடிப்பதை மட்டுமன்றி, மனத்தை வதைப்பதையும் தடை செய்கிறது. சாதியைச் சுட்டி ஏவுவதும் கடைசி வரிசையில் ஒதுக்குவதும் மனத்தை வதைப்பனவே. துப்புரவு யாவரும் கற்க வேண்டிய நற்பழக்கம்; குறிப்பிட்ட சில பிள்ளைகளின் தலையில் மட்டும் அது விழுமாயின் அதன் பெயர் தீண்டாமை. அச்சத்துடன் அமர்ந்திருக்கும் குழந்தையின் காதில் பாடம் விழாது என்பதை ஆசிரியர்கள் நம்மினும் நன்கறிவர்.

மூன்றாவது, எழுத்து. தமிழ் எழுத்து இருநூற்று நாற்பத்தேழையும் ஒப்பித்த பின்னரே சொல்லைப் படிக்கலாம் என்ற பழைய முறையில் பல பிள்ளைகள் பாதி வழியிலேயே களைத்துப் போயினர். ப, ட, ம என்னும் மூன்று எழுத்துகளும் மெய்ப்புள்ளியும் தெரிந்தால் போதும். படம், பட்டம், மடம் என்று குழந்தை அன்றைக்கே படித்துவிடும். தன்னால் இயலும் என்னும் நம்பிக்கை அங்கே பிறக்கிறது. குழந்தை பேசும் சேரிப் பேச்சை எள்ளாது கேட்டு, அதிலிருந்தே நூல்வழக்கிற்கு அழைத்துச் செல்லும் ஆசிரியரே நல்லாசிரியர். தன் வீட்டுப் பேச்சு இழிந்ததென்று உணர்த்தப்பட்ட குழந்தை வாய் திறப்பதையே விட்டுவிடும்.

நான்காவது, விடுபட்டோரை மீட்டல். சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோருடன் சென்று வரும் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்ட பாடத்திற்குத் தனிப்பயிற்சி அளிக்க வேண்டுமென அதே சட்டம் கூறுகிறது. ஓர் ஊரை விட்டு மற்றோர் ஊருக்குச் சென்றால் மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லையென்று சேர்க்க மறுத்தலும் ஆகாது. இவ்விரண்டையும் அந்தச் சிறுவனின் பெற்றோர் அறிந்திருப்பின், நாமும் எடுத்துச் சொல்லியிருப்பின், அவன் படமும் இன்று இச்சுவரில் இருந்திருக்கலாம்.

தாய்மார்களே! பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கும் அதில் உரிய இடம் உண்டு. அந்நாளில் கூலி போகுமே என்று தயங்காதீர்கள். கூட்டத்திற்குச் சென்று, தண்ணீர் வருகிறதா, கழிப்பறையை யார் கழுவுகின்றனர், என் மகள் எங்கே அமர்கிறாள், புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டுவாளா என்று கேளுங்கள். இவற்றைக் கேட்கப் பட்டம் தேவையில்லை.

ஆசிரியப் பெருமக்களே! குறைகூறுவதற்காக உங்களை இங்கு அழைக்கவில்லை. இம்மண்டபத்தில் படமாய் நிற்கும் ஒவ்வொருவர்க்கும் பின்னால், கைபிடித்து எழுத வைத்த ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர் உண்டு. அந்த நன்றியை நாம் மறவோம்.

நம் கழகமும் தன் வழியை மாற்றிக்கொள்ள உறுதி பூணுகிறது. மாலைப் படிப்பகங்களில் இனி முதலிடம் ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கே. தை பிறந்ததும், வேலை தேடி வெளியூர் செல்லும் குடும்பங்களின் பிள்ளைகளைக் கணக்கெடுத்து, அவர்கள் சேரவேண்டிய பள்ளிக்குக் கடிதம் கொடுத்தனுப்புவோம். திரும்பி வரும் நாளில் அவர்களை எதிர்கொண்டு பள்ளிக்கு அழைத்துச் செல்வோம்.

பொன்விழாவின்போது இங்கு நிற்போர், எத்தனை பேர் பட்டம் பெற்றனர் என்பதோடு, மூன்றாம் வகுப்பில் படிக்கத் தெரியாத பிள்ளை நம் தெருக்களில் ஒருவரும் இல்லை என்றும் சொல்லக் கூடுமாயின், இக்கழகம் பிறந்த பயனை எய்தியதாகும். அதற்கு நாளைக் காலையே தொடங்குவோம்.