இழுத்த பிளாஸ்டிக்கின் விறைப்பை ஒலியால் அளப்பது எப்படி?



கடைகளில் பொட்டலம் கட்டும் ராபியா கயிற்றை அறியாதவர் இல்லை. நீளவாக்கில் பிடித்து இழுத்தால் விரல்தான் அறுபடும். ஆனால் ஓரத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டுவிட்டால் நார் நாராகக் கிழிந்து வரும். ஒரே பொருள் ஒரு திசையில் உறுதியாகவும் மறு திசையில் பலவீனமாகவும் இருப்பது ஏன்?

பாலிமர் மூலக்கூறுகள் நீளமான சங்கிலிகள். உருகிய நிலையில் அவை இடியாப்பம் போலச் சிக்கிக் கிடக்கின்றன. ஆலையில் பல மடங்கு நீளத்துக்கு இழுக்கும்போது, சீவிய தலைமுடி போல ஒரே திசையில் படிகின்றன. சங்கிலியின் நீளத்தில் இருப்பது கார்பன் அணுக்களின் வலுவான பிணைப்பு. பக்கத்துச் சங்கிலியோடு இருப்பதோ மெல்லிய ஈர்ப்பு மட்டுமே.

இதை உச்சத்துக்குக் கொண்டு சென்றவர்களில் முக்கியமானவர்கள் நெதர்லாந்தின் டிஎஸ்எம் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பால் ஸ்மித், பீட் லெம்ஸ்ட்ரா ஆகிய இருவர். 1970-களின் இறுதியில் அவர்கள் உருவாக்கிய முறையில் பிறந்ததுதான் டைனீமா இழை. சாதாரண பாலிஎத்திலீனின் விறைப்பு சுமார் 1 கிகாபாஸ்கல். இந்த இழைக்கு அது 100-ஐத் தாண்டும். எஃகுக்கு சுமார் 200 என்றாலும், எஃகின் அடர்த்தி இதைப் போல எட்டு மடங்கு. தண்ணீரில் மிதக்கும் இந்த இழையைத்தான் இன்று பெரிய கப்பல்களைத் துறைமுகத்தில் கட்டும் வடங்களில் பயன்படுத்துகிறார்கள்.

2015 மார்ச் 2-ஆம் நாள், பிரிட்டனின் மில்ஃபோர்ட் ஹேவன் துறைமுகத்தில் ‘சார்கா’ என்ற எரிவாயுக் கப்பலைக் கட்டும்போது அப்படிப்பட்ட வடம் ஒன்று அறுந்து சுண்டியடித்தது. அதிகாரி ஒருவருக்குத் தலையில் பலத்த காயம். வடத்தின் இழைகள் நீளவாக்கில் மீண்டும் மீண்டும் அமுக்கப்பட்டு நலிந்திருந்ததை விசாரணை காட்டியது. இழுவையில் சிங்கம், அமுக்கத்தில் அப்படியல்ல. ஆகவே இத்தகைய பொருளுக்கு ‘விறைப்பு இவ்வளவு’ என்று ஒரே எண்ணைச் சொல்லிவிட்டு நகர முடியாது. ஒரே திசையில் இழுத்த பாலிமருக்கு ஐந்து தனி எண்கள் வேண்டும். தகடாக உருட்டியதென்றால் ஒன்பது!

நீளவாக்கில் அளப்பது எளிது. இரு முனையையும் பிடித்து இழுக்கலாம். மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள பட்டையைக் கனத்தின் திசையில் எப்படிப் பிடித்து இழுப்பது? இங்கேதான் அல்ட்ராசவுண்ட் கைகொடுக்கிறது. கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கப் பயன்படும் அதே வகை ஒலிதான். விநாடிக்குச் சில மில்லியன் அதிர்வுகள்.

தண்ணீர்த் தொட்டியில் எதிரெதிராக இரண்டு கருவிகள்: ஒன்று ஒலியை அனுப்பும், மற்றது வாங்கும். தண்ணீரில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,480 மீட்டர். இடையில் மூன்று மில்லிமீட்டர் பாலிஎத்திலீன் பட்டையை வைத்தால், அதில் ஒலி சுமார் 2,400 மீட்டர் வேகத்தில் ஓடும். முக்கால் மைக்ரோவிநாடி முன்னதாகவே வந்து சேரும். அந்தச் சின்ன வித்தியாசத்திலிருந்து வேகம் தெரியும். வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கினால் அந்தத் திசைக்குரிய விறைப்பெண் கிடைத்துவிடும். தண்ணீரின் வெப்பநிலை மாறினால் ஒலியின் வேகமும் மாறும் என்பதால் தொட்டியைச் சீராக வைத்திருப்பதே பாதி வேலை.

பட்டையைச் சற்றே திருப்பும்போதுதான் அழகான சங்கதி நடக்கிறது. சாய்வாக நுழையும் ஒலி, அழுத்த அலையாகவும் பக்கவாட்டில் அசையும் சறுக்கு அலையாகவும் பிரிகிறது. சறுக்கு அலை தண்ணீரில் ஓடாது, திடப்பொருளில் ஓடும். கோணம் கோணமாகத் திருப்பி இரண்டின் வேகத்தையும் குறித்துக்கொண்டால், ஐந்து எண்களையும் கணக்கிட்டுவிடலாம், மாதிரியை அறுக்காமல், உடைக்காமல்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஒலி தள்ளுவது மைக்ரோவிநாடிக்கும் குறைவான நேரம். அதற்குள் சங்கிலிகள் நழுவ நேரமில்லாததால், பொருள் உண்மையைவிட விறைப்பானதாகத் தெரியும். நாள்கணக்கில் பாரம் தாங்கும்போது பாலிஎத்திலீன் இழை மெல்ல மெல்ல நீளும். வெப்பம் கூடினால் இன்னும் வேகமாக நீளும். அதனால், வடம் வடிவமைக்கும் பொறியாளர்கள் ஒலியின் எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகும், சூடான அறையில் இழையில் எடையைத் தொங்கவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.