மலை இறங்குமுன்
(நூற்றாண்டு விழாவில், குடிசார் பொறியியல் கற்ற பழைய மாணவிகள் இருவர் சேர்ந்து ஆற்றிய உரை)

 

நாங்கள் இருவரும் ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் லயத்தில் பிறந்தவர்கள். எங்கள் அம்மாமார் கொழுந்து பறித்தவர்கள். 2013 இல் குடிசார் பொறியியல் படிக்க வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகருக்குப் போனோம். அங்கே என்ன படித்தோம் என்று கேட்பவர்களுக்கு, எங்களை அனுப்பிவைத்த இந்த மண்டபத்திலேயே பதில் சொல்ல விரும்புகிறோம்.

போனதே ஒரு கதை. வீசாவுக்காகக் கல்விக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் தொடர்ந்து 28 நாட்கள் வங்கிக் கணக்கில் குறையாமல் இருக்க வேண்டும். அப்பாவின் சேமலாப நிதி, அம்மாவின் நகை, சொந்தக்காரர் கைமாற்று எல்லாம் சேர்ந்தன. பத்தாம் நாளே ஒரு சித்தப்பா தன் காசைத் திருப்பிக் கேட்டு வந்துவிட்டார். அம்மா அவருக்குச் சோறு போட்டு, நயமாகப் பேசித்தான் அனுப்பிவைத்தார். அங்கே போன பிறகு, தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம் வரை வேலை செய்ய அனுமதி இருந்தது. கடைகளில் பெட்டி அடுக்கிக் கடனை அடைத்தோம்.

முதலாம் வருடம் மண் பொறிமுறைப் பாடம் வந்தது. மழைநீர் மண்ணின் இடைவெளிகளில் நிறையும்போது உள்ளே அமுக்கம் கூடுகிறது. மண் துணிக்கைகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளர்கிறது. சரிவான நிலம் அப்போது இறங்கத் தொடங்கும். இதைக் கேட்டதும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கான் வெட்டிய எங்கள் தாத்தாமார், "மழைக்கு முதல் கானைத் துப்புரவாக்காவிட்டால் மலை இறங்கும்" என்று சொன்னதும் இதைத்தானே!

2014 ஒக்டோபர் 21 அன்று, கார்டிஃபுக்கு வடக்கேயுள்ள அபர்ஃபான் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்துக்குப் போனோம். 1966 இல் அதே நாளில், கிராமத்துக்கு மேலே கொட்டிவைத்திருந்த நிலக்கரிச் சுரங்கக் கழிவுமேடு, பல நாள் மழைக்குப் பின் சரிந்து பாடசாலையை மூடியது. இறந்தவர்கள் 144 பேர். அவர்களில் 116 பேர் பிள்ளைகள். மேடு நீரூற்றின் மேல் கொட்டப்பட்டிருந்தது. ஊரார் முன்னரே அச்சம் தெரிவித்திருந்தார்கள், கேட்பார் இல்லை. விசாரணைக் குழு 1967 இல் தேசிய நிலக்கரிச் சபையே பொறுப்பு என்றது. 1969 இல் கழிவுமேடுகளுக்கென்று சட்டம் வந்தது.

அந்தப் பிள்ளைகளின் கல்லறைகள் மலைச்சரிவில் வரிசையாக இருக்கின்றன. அங்கே எங்களுக்கு லயங்கள்தான் நினைவுக்கு வந்தன.

எட்டாம் நாள், ஒக்டோபர் 29. அங்கே விடிவதற்கு முன்பே தொலைபேசி அடித்தது. பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை இறங்கி லயங்களை மூடிவிட்டது. அது அபாயமான இடமென்று முன்னரே எச்சரித்திருந்தார்கள். அன்று எங்களால் வகுப்பில் உட்கார முடியவில்லை.

தங்கைமாரே, மலை பல நேரம் சொல்லிவிட்டுத்தான் இறங்கும். நிலத்தில் வெடிப்பு விழும். மரம் சாயும். கதவு இறுகும். புதிதாக ஊற்றுக் கிளம்பும். இருந்த ஊற்று வற்றும். தெளிந்த நீர் கலங்கி வரும். லயத்து அம்மாமார் இவற்றையெல்லாம் முதலில் காண்கிறார்கள். ஆனால் அதை வரைபடத்திலும் அறிக்கையிலும் எழுதி, மேசைக்கு அப்பால் இருப்பவரைக் கேட்க வைப்பவர் வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் மழை என்று படிப்படியாக எச்சரிக்கை அளவுகளை வைத்திருக்கிறது. அந்த இலக்கத்தையும் அம்மாவின் பேச்சையும் சேர்த்து விளங்கிக்கொள்ளும் பொறியியலாளர்கள் நம் பிள்ளைகளிலிருந்து வர வேண்டும்.

பெண்பிள்ளைக்கு இது ஏன் என்று இன்றும் கேட்கிறார்கள். பிரேமளா சிவசேகரம் அம்மையார் 1960 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்தில் சேர்ந்தபோது வகுப்பில் அவர் ஒருவரே பெண். 1964 இல் பட்டம் பெற்று, பின் ஒக்ஸ்ஃபோர்டில் கலாநிதிப் பட்டமும் பெற்று, நாடு திரும்பி அரச கட்டடத் திணைக்களத்தில் உயர்பதவி வகித்தார். இலங்கையின் முதல் பெண் பொறியியலாளர் அவர்தான்.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முகவர் காட்டும் படத்தைப் பார்க்காதீர்கள். அந்தப் பட்டத்தை இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் ஏற்குமா என்று முதலில் விசாரியுங்கள். திரும்பி வந்து வேலை செய்ய அதுதான் வழிவிடும்.

எங்கும் பரந்திருக்கும் அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். உயர்தரத்தில் இணைந்த கணிதம் கற்பிக்க ஆளில்லாமல் எத்தனையோ தோட்டப் பிள்ளைகள் வேறு பிரிவுக்குப் போகிறார்கள். கணிதம் படித்தவர்கள் வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் இணையவழியில் தாருங்கள். சனிக்கிழமை வகுப்பை நாங்கள் இருவரும் தொடங்குகிறோம்.

இன்னொன்று. மண்டபத்துக்குப் பின்னாலுள்ள தாங்குசுவரில் நீர் வடியும் துளைகள் அடைபட்டிருக்கின்றன. மழை வருமுன் அவற்றைத் திறக்க வேண்டும். நாளை காலை ஒன்பது மணிக்குக் கம்பியும் மண்வெட்டியுமாக வருகிறோம். விரும்பும் தங்கைமார் பழைய உடுப்போடு வாருங்கள். முதல் பாடத்தை அங்கேயே தொடங்கலாம்.