கொடுக்க ஒன்றும் மீதி இல்லாத நாள்

கருப்பு அங்கிக்குள் வெந்துகொண்டிருக்கும் பட்டதாரிகளே, பின்வரிசையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கும் அப்பாக்களே, அம்மாக்களே!

தாம்பரத்திலிருந்து வரும் வழியில் கேம்ப் ரோடு சந்திப்பில் இருபது நிமிடம் நின்றோம். ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. எழுதி வைத்திருந்த பதினான்கு பக்க உரையை அங்கேயே எடுத்துப் படித்துப் பார்த்தேன். கனவு காணுங்கள், உழையுங்கள், நாட்டை உயர்த்துங்கள் என்று இருந்தது. காரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். ஒரே ஒரு சின்ன விஷயம் பேசுகிறேன். ஆசிரியருக்கு நன்றி சொல்வது எப்படி? அதுவும், காக்கா பிடிப்பதுபோல் தெரியாமல்.

சிரிக்கிறீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். முப்பத்தோரு ஆண்டு இயற்பியல் வகுப்பில் நின்றவன் நான். இன்டர்னல் மார்க் போடும் வாரத்தில் எனக்கு விழும் வணக்கங்கள் மற்ற வாரங்களில் விழுந்ததில்லை. “உங்க கிளாஸ் மாதிரி வராது சார்” என்று அந்த வாரம் சொல்பவன், அந்த வகுப்புக்குப் பாதி நாள் வராதவனாகவே இருப்பான். நம் மொழியில் இதற்கு எத்தனை பெயர்! காக்கா பிடிப்பது, ஐஸ் வைப்பது, சோப்பு போடுவது, ஜால்ரா தட்டுவது. பாராட்டு என்றாலே அதன் வாலில் ஒரு மனு தொங்கும் என்பது நமக்குப் பழகிவிட்டது. பொன்னாடை போர்த்திய கை, அடுத்த நொடி சட்டைப் பைக்குள் போய் ஒரு விண்ணப்பத்தை எடுப்பதை எத்தனை மேடையில் பார்த்திருக்கிறோம்.

இதனால் என்ன ஆகிறது தெரியுமா? உண்மையிலேயே நன்றி உள்ள பிள்ளை கூசிப் போய் வாயை மூடிக்கொள்கிறது. மார்க் வேண்டியவன் மட்டும் பேசுகிறான். ஆசிரியர் காதில் ஆயுள் முழுவதும் விழுவது அவன் குரல்தான்.

நானும் அப்படிக் கூசியவன். எம்.எஸ்ஸி. படித்தபோது ஆய்வகத்தில் எனக்கு ஒரு பேராசிரியர். ஒருநாள் ஸ்பெக்ட்ரோமீட்டர் அளவுகளைப் பக்கத்து மேசையில் இருந்தவனிடம் வாங்கி எழுதிவிட்டேன். அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார், ஒரு வார்த்தை திட்டவில்லை. “இந்த எண்களை நீ பார்த்தாயா?” என்று கேட்டுவிட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் பென்சிலால் அடித்துக் கொடுத்தார். மாலை ஏழு மணிவரை நின்று திரும்ப எடுத்தேன். அவரும் வீட்டுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு நான் பார்க்காத எண்ணை எழுதியதில்லை.

அவரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று அப்போதே தோன்றியது. ஆனால் தேர்வு முடியவில்லை. தேர்வு முடிந்ததும் பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டது. பிறகு நான் விண்ணப்பித்த வேலைக்கு அவரே தேர்வுக்குழுவில் வந்து உட்கார்ந்துவிட்டார். வேலை கிடைத்த பிறகு சொன்னாலோ, வேலைக்காகச் சொன்னதாகும். இப்படியே பதினோரு ஆண்டு ஓடிப்போயின. கடைசியில் அவர் ஓய்வு பெற்று மூன்றாம் வருடம் வீட்டுக்குப் போய் அந்தப் பென்சில் கோட்டைச் சொன்னேன். “அப்படியா செய்தேன்?” என்றார். அவருக்குச் சுத்தமாக நினைவில்லை. உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டு, “இங்கே வா, இவர் சொல்வதைக் கேள்” என்று என்னை இன்னொரு முறை சொல்ல வைத்தார்.

பிள்ளைகளே, தமிழில் ஆசிரியருக்கு நன்றி சொன்னவர்களில் உ.வே.சாமிநாதையரைப்போல் ஒருவரைக் காட்டுவது கடினம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்குச் சம்பளம் வாங்காமல் பாடம் சொன்னவர். வேங்கடராமன் என்ற பெயரைக் கேட்டுவிட்டு, வீட்டில் வேறு பெயர் உண்டா என்று விசாரித்து, சாமிநாதன் என்று கூப்பிட்டவர். நாம் இன்று சொல்லும் பெயரே ஆசிரியர் தேர்ந்தெடுத்ததுதான். பிள்ளையவர்கள் 1876 பிப்ரவரியில் காலமானார். மாணவர் அவருடைய வாழ்க்கை வரலாற்றை நூலாகக் கொண்டுவரத் தொடங்கியது 1933-இல். இடையில் ஐம்பத்தேழு ஆண்டுகள். எழுதியவருக்கு வயது எழுபத்தெட்டு.

அந்த எழுத்தில் வெறும் புகழ்ச்சியைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். ஆசிரியரின் வறுமை இருக்கிறது, கடன் இருக்கிறது. தம்முடைய சுயசரிதையிலும் அப்படித்தான். மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் தாம் சங்கீதம் கற்றுவந்ததும், அது பிள்ளையவர்களுக்குப் பிடிக்காமல் போனதும், அதோடு அந்தப் படிப்பு நின்றதும் மறைக்காமல் வருகின்றன. ஐஸ் வைப்பவன் இதையெல்லாம் எழுத மாட்டான். குறையும் சேர்ந்து நினைவிருக்கிறது என்றால் அந்த ஆளை உண்மையாகப் பார்த்திருக்கிறார் என்று பொருள்.

இன்னொன்று. பிள்ளையவர்களின் மூத்த மாணவர் தியாகராச செட்டியார், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். 1880-இல் ஓய்வு பெறும்போது தம் இடத்துக்கு உ.வே.சா.வைக் கொண்டுவந்தவர் அவர்தான். செட்டியார் 1888-இல் மறைந்தார். பல ஆண்டுகள் கழித்து உ.வே.சா. சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவில் குடியிருந்த வீட்டுக்கு வைத்த பெயர் ‘தியாகராஜ விலாசம்’. செத்துப் போனவரிடம் என்ன சலுகை கேட்க முடியும்? இதைவிடச் சுத்தமான நன்றி இல்லை. (அந்த வீட்டை 2012-இல் இடித்துவிட்டார்கள். நன்றியைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.)

ஆனால் எனக்கு இதில் ஒரு குறை உண்டு. பிள்ளையவர்கள் அந்தப் புத்தகத்தைப் பார்க்கவில்லை. செட்டியார் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கவில்லை.

நன்றியில் என்ன சொல்வது என்பதற்கு இன்னொருவரைப் பாருங்கள். நமக்குப் பக்கத்தில், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில், 1950-களில் அப்துல் கலாம் படித்தார். ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் அவர் நினைவுகூரும் ஆசிரியர்களில் ஒருவர் ஸ்பாண்டர் என்ற ஆஸ்திரியர். குழுப் புகைப்படம் எடுக்கும்போது பின்னால் நின்ற கலாமைக் கூப்பிட்டுத் தம் பக்கத்தில் உட்காரவைத்தவர். இன்னொருவர் சீனிவாசன். விமான வடிவமைப்பு வேலை சரியில்லை, மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நிற்கும் என்று மிரட்டியவர். உதவித்தொகை போனால் படிப்பே போய்விடும் நிலையில் இருந்த பையன் அவன். பாராட்டியவரையும் மிரட்டியவரையும் ஒரே நன்றியோடு எழுதுகிறார் கலாம். இருவரும் என்ன செய்தார்கள் என்று நமக்குக் கண்ணில் தெரிகிறது. ‘என் ஆசிரியர்கள் மிகச் சிறந்தவர்கள்’ என்று மட்டும் எழுதியிருந்தால் நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

அதனால், நீங்கள் போய்ச் சொல்லும்போது “நல்லா நடத்தினீங்க மேடம்” என்பதோடு நிறுத்தாதீர்கள். அது எந்த மேடத்துக்கும் பொருந்தும். எந்த நாள், எந்தப் பாடம், என்ன சொன்னார், அதனால் உங்களுக்கு என்ன மாறியது என்று சொல்லுங்கள். இரண்டு நிமிடம் போதும். திட்டியது நினைவிருந்தால் அதையே சொல்லலாம். ஆய்வகத்தில் சாமான் எடுத்துக் கொடுத்த அண்ணனையும், நூலகத்தில் அபராதம் போடாமல் விட்ட அக்காவையும் மறக்க வேண்டாம். பழத்தட்டு, சால்வை ஒன்றும் வேண்டாம். பரிந்துரைக் கடிதம் வேண்டுமா? தாராளமாகக் கேளுங்கள், அது உங்கள் உரிமை, கொடுப்பது எங்கள் வேலை. ஆனால் அதை வேறொரு நாள் வந்து, கடிதம் வேண்டும் என்று நேராகக் கேளுங்கள். நன்றியின் வாலில் அதைக் கட்டாதீர்கள். ஒரு பையன் எனக்கு இரண்டு பக்கம் உருகி உருகி எழுதியிருந்தான். மூன்றாம் பக்கத்தில் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை என்று இருந்தது. கடிதம் கொடுத்தேன். முதல் இரண்டு பக்கத்தைத் திரும்பப் படிக்கத்தான் முடியவில்லை.

இன்று உங்களுக்கு வாய்த்திருப்பது உ.வே.சா.வுக்கு வாய்க்காத நாள், நான் பதினோரு ஆண்டு தள்ளிப்போட்ட நாள். இன்டர்னல் மார்க் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. மதிப்பெண் பட்டியல் அச்சாகிவிட்டது. பட்டம் உங்கள் கையில் சுருட்டிக் கிடக்கிறது. அதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் கையில் உங்களுக்குக் கொடுக்க இனி ஒன்றும் இல்லை. உயிரோடு, உங்களிடமிருந்து பத்தடி தூரத்தில் இருக்கிறார்கள். இன்றைக்கு நீங்கள் சொன்னால் யாரும் சந்தேகப்பட முடியாது.

நாட்டுப்பண் முடிந்ததும் ஆசிரியர்கள் இடப்பக்கக் கதவு வழியாகத் தேநீருக்குப் போவார்கள். தொப்பியைத் தூக்கியெறிந்து போட்டோ எடுக்க மரத்தடிக்கு ஓடுவதற்கு முன்னால் அந்தக் கதவுப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். அங்கியைத் திருப்பிக் கொடுக்க நாலு மணிவரை நேரம் இருக்கிறதாம். வரும்போதே விசாரித்துவிட்டேன்.