பிள்ளையோடு போகும் பணம்



1956-இல் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஏழைப் பிள்ளையைப் பொதுப்பள்ளிக்கு வரவழைக்க அரசு செலவு செய்த காலம் அது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இன்னொரு வழியையும் திறந்தது. அதன் 12(1)(சி) பிரிவின்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் சுயநிதிப் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும்; கட்டணத்தை அரசு ஈடுசெய்யும். நம் தெருக்களில் "ஆர்.டி.இ. சீட் கிடைச்சிருச்சா?" என்று கேட்கிறோமே, அதுதான்.

பணம் பிள்ளையின் பின்னால் போகட்டும் என்று 1955-இல் எழுதியவர் அமெரிக்கப் பொருளியலறிஞர் மில்ட்டன் ஃப்ரீட்மன். 1990-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், தனியார் பள்ளிக் கட்டணத்துக்கான கல்வி வவுச்சரை மாநில அரசு கொடுக்கத் தொடங்கியது. அங்கே பொதுப்பள்ளி நிர்வாகத்துக்குச் சொத்துவரியிலிருந்தும் மாநில அரசிடமிருந்தும் பணம் வருகிறது. மாநிலப் பணம் பெரும்பாலும் தலைக்கணக்கில் வரும். பிள்ளை போனால் அதுவும் போகும். கட்டடமும் பேருந்தும் அப்படியே செலவு வைக்கும். நம் ஊரில் ஆசிரியர் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வருவதால் அந்தச் சிக்கல் இங்கே இல்லை என்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை.

நம் அரசுப் பள்ளிகளில் ஆகஸ்ட் 1 நிலவரப்படி நடக்கும் ஆசிரியர் பணியிட நிர்ணயத்தைப் பாருங்கள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 ஆனால் மூன்று. அந்த ஒரு பிள்ளை இல்லையென்றால் மூன்றாம் ஆசிரியர் உபரி. பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விடுவார். மிஞ்சும் இருவர் ஐந்து வகுப்பையும் நடத்த வேண்டும். பள்ளி மானியமும் அப்படித்தான். 101 முதல் 250 பிள்ளைகள் இருந்தால் ஆண்டுக்கு 50,000 ரூபாய். 100 ஆகக் குறைந்தால் 25,000. பத்துப் பிள்ளைகள் போனதால் கரும்பலகைச் செலவும் கழிப்பறைச் செலவும் பாதியாகிவிடுமா? இரண்டு ஆசிரியர் மட்டுமே உள்ள பள்ளியைப் பார்த்து அடுத்த தெருப் பெற்றோரும் தயங்குகிறார்கள். மறு ஆண்டு எண்ணிக்கை இன்னும் சரிகிறது.

இதில் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. விசைத்தறி ஓட்டுகிறவர் மூன்றரை வயதுப் பிள்ளையை எங்கே விடுவார்? தனியார் பள்ளி எல்.கே.ஜி.யிலேயே கதவைத் திறக்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளி பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பில்தான் திறக்கிறது. 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். நல்ல தொடக்கம், ஆனால் மிகக் குறைவு. ஆர்.டி.இ. சீட்டோ எட்டாம் வகுப்போடு முடிகிறது. அதன்பின் கட்டணத்தை அந்தத் தறிக்காரரே கட்ட வேண்டும்.

தனியார் பள்ளிக்கு மாறினால் படிப்பு உயர்ந்துவிடுமா? ஆந்திரக் கிராமங்களில் குலுக்கல் முறையில் வவுச்சர் கொடுத்து கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நான்கு ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 2015-இல் வெளிவந்த முடிவின்படி, தெலுங்கிலும் கணக்கிலும் வேறுபாடு இல்லை. இந்திப் பாடத்தில் மட்டும் வவுச்சர் பெற்ற பிள்ளைகள் முந்தியிருந்தார்கள். தனியார் பள்ளிக்கு ஆன செலவு குறைவு என்பதையும் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதையும் சொல்லியாக வேண்டும்.

என்னை மிகவும் வருத்தியது 2025-இல் நடந்தது. ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று, சமக்ர சிக்ஷா என்னும் பள்ளிக் கல்வித் திட்டத்தின் 2024-25-ஆம் ஆண்டு நிதி ஏறத்தாழ 2,150 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்திருந்தது. அரசுப் பள்ளிக்கான திட்டப் பணமும், ஆர்.டி.இ. கட்டணத்தில் ஒன்றிய அரசின் பங்கும் ஒரே நிதியில் இருந்ததால் இரண்டுமே தவித்தன. ஒன்றிய நிதி வராததைக் காரணம் காட்டி மாநில அரசு பொறுப்பிலிருந்து விலக முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜூன் மாதம் சொன்னது. ஆர்.டி.இ. சேர்க்கை தொடங்கியது அக்டோபரில். பள்ளி திறந்து நான்கு மாதம் கழித்து.

அருகில் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளியில் ஆர்.டி.இ. இடம் இல்லை என்று கர்நாடகம் விதியை மாற்றியது. அருகிலுள்ள பள்ளியை முதலில் சீராக்காமல் கதவை மட்டும் அடைப்பது ஏழைப் பெற்றோருக்குச் செய்யும் அநீதி.

ஆகவே அரசிடம் இரண்டு கோரிக்கைகள். எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் எல்.கே.ஜி. வகுப்பும் அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியரும் வேண்டும். எண்ணிக்கை குறைந்த பள்ளியிலிருந்து ஆசிரியரை மூன்றாண்டுகளுக்கு எடுக்கக் கூடாது. சங்கரன்கோவில் நகராட்சியிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்திலேயே இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றி மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள்.