ஒரே தண்ணி, ரெண்டு வேலை
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் மேலூர் பக்கம். பத்தாவது வரைதான் படிச்சேன். தப்பிருந்தா பொறுத்துக்கங்க.

போன வருசம் எங்க குழுவுல வேன் பிடிச்சு, கம்பம் கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் போனோம். பென்னிகுக் துரை கட்டிய பெரியாறு அணை 1895-ல திறந்தது. அறுபது வருசத்துக்கு மேல அந்தத் தண்ணி பாசனத்துக்கு மட்டும்தான் வந்துச்சு. 1950-கள் கடைசியிலதான் லோயர் கேம்ப்ல மின்சாரம் எடுக்க ஆரம்பிச்சாங்க. 4 எந்திரம், ஒவ்வொண்ணும் 35 மெகாவாட்னு அமைச்சது. தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியா வர்ற தண்ணி, பெரிய இரும்புக் குழாய்கள்ல மலையிலிருந்து பாய்ஞ்சு எந்திரத்தைச் சுத்துது. ஒரு சொட்டும் குறையாம ஆத்துல சேர்ந்து, வைகை அணை, பேரணை வழியா நம்ம கால்வாய்க்கு வருது.

எங்க வயல் கடைமடை. தண்ணி எட்டாத ஒரு வருசம், வீட்டுக்காரர் திருப்பூர் வேலைக்குப் போயிட்டார். குழுக்கடன்ல வாங்கின கிரைண்டர்ல மாவாட்டி வித்துத்தான் ரெண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடம் அனுப்பினேன். வாய்க்கால்ல வராதது கம்பி வழியா வந்துச்சுன்னு அன்னைக்கு லோயர் கேம்ப்ல நின்னப்போ தோணுச்சு. கண்ணு கலங்கிருச்சு.

நம்ம சேமிப்புப் பணமும் அப்படித்தான் அக்கா. ஒரு வீட்டுல வேலை செஞ்சிட்டுக் குறையாம அடுத்த வீட்டுக்குப் போகணும். நாம தவணையை நிறுத்தினா, கடைமடையில ஒருத்தி காத்துக்கிட்டு இருப்பா.