பழைய மோட்டார் வண்டியின் ஓசையும் ஆட்டமும்



மாடு பிடிக்கச் சந்தைக்குச் செல்லும் உழவர் எவரும் விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பிப் பணத்தை எண்ணி வைப்பதில்லை. பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நாலு அடி நடக்கவிட்டுக் குளம்பைக் கவனிக்கிறார். ஆனால் அவரே பால் கேன்களையும் காய்கறிக் கூடைகளையும் ஏற்றிச் செல்லப் பழைய ஜீப்பையோ காரையோ வாங்கப் போனால், புதுச் சாயத்தின் பளபளப்பில் மயங்கிவிடுகிறார். நாலைந்து குடும்பங்கள் நகையை அடகு வைத்துக் கூட்டாக வாங்கிய வண்டி, சில மாதங்களிலேயே பட்டறை வாசலில் சக்கரம் கழற்றிக் கிடக்குமானால், வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பால் சைக்கிளில் போகும்.

எஞ்சின் புகைகிறதா, எண்ணெய் தின்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஊர்தோறும் ஆள் உண்டு. ஆகவே அதை விட்டுவிடுகிறேன். எஞ்சினின் வலுவைச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கும் உறுப்புகளையும், வண்டியின் பாரத்தைத் தாங்கும் வில்களையும் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். பெருஞ்செலவு மறைந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

நம் ஊர்களில் ஓடும் வண்டிகள் இரு வகைப்படும். பழைய ஜீப், பொலீரோ, 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர், 2005-ஆம் ஆண்டில் வெளிவந்து மக்களால் குட்டியானை என்று அழைக்கப்படும் டாட்டா ஏஸ் ஆகியவற்றில் பின்சக்கரங்களே வண்டியைத் தள்ளுகின்றன. கிளச்சு, கியர்பெட்டி, நீண்ட புரொபெல்லர் தண்டு, பின்அச்சின் நடுவிலுள்ள கிரவுன் பினியன் என்று வலு வரிசையாகச் செல்கிறது. மாருதி 800 போன்ற சிறு கார்களில் முன்சக்கரங்களே வண்டியை இழுக்கின்றன. நீண்ட தண்டு இல்லை. இரண்டு குட்டைத் தண்டுகளே உண்டு. எந்த வகை என்று முதலில் தெரிந்துகொண்டால், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

ஓசையை எந்த இடத்தில் கேட்கிறோம் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யலாகாது. வண்டியின் அடிச்சட்டம் இரும்பு. பின்னால் பிறக்கும் ஓசை அதன் வழியே ஓடி முன்னால் கேட்கும். அந்த ஓசை எதைப் பின்பற்றுகிறது என்றே கேட்க வேண்டும். எஞ்சினின் வேகத்தைப் பின்பற்றுகிறதா? சாலையில் வண்டி செல்லும் வேகத்தைப் பின்பற்றுகிறதா? அல்லது ஆக்சிலேட்டரை மிதிப்பதையும் விடுவதையும் பின்பற்றுகிறதா? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்தால் குறையின் இருப்பிடம் ஏறத்தாழத் தெரிந்துவிடும்.

வண்டியை நிறுத்திய நிலையிலேயே தொடங்கலாம். நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டுக் கிளச்சு மிதியை அமுக்குங்கள். அமுக்கியவுடன் ஓர் இரைச்சல் அடங்கினால், அது கியர்பெட்டியினுள் உள்ள பேரிங்கின் தேய்மானம். அமுக்கும்பொழுதுதான் இரைச்சல் பிறக்கிறது என்றால், கிளச்சைத் தள்ளும் ரிலீஸ் பேரிங் தேய்ந்தது. பின்னதன் விலை சிறிது. ஆனால் அதை மாற்றக் கியர்பெட்டியை இறக்க வேண்டும். கூலியைக் கேட்டுவிட்டே விலை பேசுங்கள்.

இனிச் சாலைக்குச் செல்வோம். ஒரே ஒரு கியரில் மட்டும் கேட்கும் ஓசை அந்தக் கியரின் பற்களைக் குறிக்கும். பின்சக்கர வண்டிகள் பலவற்றில் நான்காம் கியரில் வலு நேராகச் செல்லும். கீழ்த்தண்டுக்கு வேலை இல்லை. எனவே மற்றக் கியர்களில் இரைந்து நான்காவதில் அடங்கும் வண்டியில், கீழ்த்தண்டின் பேரிங்குகளை ஐயுற வேண்டும். மேட்டில் ஏறும்பொழுதோ ஆக்சிலேட்டரை விடும்பொழுதோ கியர் தானே நழுவினால், அவ்வண்டியை மலைப்பாதைக்கு வாங்கவே வேண்டாம்.

பிறகு ஆளரவமற்ற சமதளச் சாலையில் நடுத்தர வேகத்தில் சென்று, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியை உருளவிடுங்கள். எஞ்சினை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணை போய்விடும், சாவியை முழுதும் திருப்பினால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும். அப்பொழுதும் ஓசை தொடர்ந்தால் எஞ்சினும் கிளச்சும் குற்றமற்றவை. சக்கரம், அச்சு, தண்டு, டயர் ஆகியவற்றில் ஒன்றே காரணம். தார்ச் சாலையிலிருந்து சிமெண்டுச் சாலைக்கு மாறும்பொழுது ஓசையும் மாறினால் அது டயரின் ஓசை. மாறாமல் வண்டு முரல்வதுபோல் ஒரே சீராக ரீங்கரித்தால் சக்கரத்தின் பேரிங். மெல்ல இடப்பக்கம் வளைத்துப் பாருங்கள். அப்பொழுது பாரம் வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. ரீங்காரம் உயர்ந்தால் வலப்பக்கத்துப் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

கிரவுன் பினியனின் குறி வேறு. ஆக்சிலேட்டரை மிதிக்கும்பொழுது ஒருவகை ஊளை, விடும்பொழுது வேறுவகை ஊளை, நிலையாகப் பிடித்தால் அமைதி என்று அது பாரத்துக்கேற்ப நிறம் மாறும். நேர்ச்சாலையில் வாய் திறவாத பின்அச்சு வளைவில் மட்டும் கடகடத்தால், கூட்டினுள் உள்ள சிறு பற்சக்கரங்கள் தேய்ந்திருக்கும். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அங்கே நாள்தோறும் சுமையேற்றிச் செல்ல வேண்டியவருக்கு இது அற்பக் குறையன்று.

இங்கே விற்பவரின் தந்திரம் ஒன்றையும் சொல்ல வேண்டும். இரையும் கிரவுன் கூட்டில் மிகக் கனத்த எண்ணெயை ஊற்றினால் ஓசை சில காலம் அடங்கும். ஆகையால் பேச்சு முற்றிய பின், எண்ணெய்த் திருகைக் கழற்றிக் காட்டும்படி கேளுங்கள். திருகின் முனையில் மாவு போன்ற சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. விரலில் நெருடும் இரும்புச் சில்லுகள் இருந்தால் பற்கள் உதிர்கின்றன என்று பொருள். கழற்றவே மறுப்பாரானால் அதுவும் ஒரு விடைதான்.

புரொபெல்லர் தண்டின் இரு முனைகளிலும் உள்ள கிராஸ் மூட்டுகள் கிரீஸ் இன்றி உலர்ந்தால், வண்டி மெல்ல உருளும்பொழுது குருவி கத்துவதுபோல் கிரீச்சிடும். சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் அத்தண்டு ஏறத்தாழ நான்குமுறை சுற்றுவதால், அந்தக் கீச்சொலி சக்கரத்தின் தாளத்தைவிட விரைவாக இருக்கும். கிளச்சை விட்டு வண்டி கிளம்பும்பொழுது ‘டொக்’ என்று ஓர் அடி கேட்பதும் இம்மூட்டின் தேய்மானமாக இருக்கலாம். வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்துத் தண்டைக் கையால் முறுக்கிப் பார்த்தால் மூட்டில் உள்ள ஆட்டம் தெரியும். இக்குறையைப் பொறுத்துக்கொள்வது ஆபத்தாகும். வேகத்தில் முன்மூட்டு அறுந்தால் தண்டு சாலையில் குத்தி வண்டியையே தூக்கி எறியக்கூடும். உரிய காலத்தில் மாற்றினால் செலவோ மிகச் சிறிது.

முன்சக்கரத்தால் இழுக்கப்படும் கார்களில் ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து மெல்ல வட்டமாக ஓட்டுங்கள். ‘டக் டக்’ என்ற ஒலி வந்தால் வெளிமூட்டு தேய்ந்துவிட்டது. மூட்டை மூடும் ரப்பர் உறை கிழிந்து, சக்கரத்தின் உட்புறமெங்கும் கிரீஸ் தெறித்திருப்பது அதன் முன்னறிவிப்பு.

இனி வில்களைப் பார்ப்போம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பின்னாலிருந்து நோக்குங்கள். ஒருபக்கம் சாய்ந்திருந்தால் அப்பக்கத்து வில் தளர்ந்தது அல்லது உடைந்தது. பட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவுங்கள்; நடுப் போல்ட்டின் அருகிலேயே பெரும்பாலும் விரிசல் காணும். கறுப்புச் சாயம் புதிதாகப் பூசியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வழக்கத்துக்கு மேல் பட்டைகள் சேர்த்திருந்தால், அவ்வண்டி அளவுக்கு மீறிச் சுமை சுமந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நடுப் போல்ட்டு அறுந்தால் அச்சு ஒருபக்கம் நகர்ந்துவிடும். இதை அறிய ஒரு கயிறு போதும். ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்சக்கரத்தின் மையத்திலிருந்து பின்சக்கரத்தின் மையம்வரை இருபக்கமும் அளந்து பாருங்கள்; இரண்டும் ஒத்திருக்க வேண்டும். களத்தில் நீர் தெளித்து நேராக ஓட்டச் சொல்லித் தடத்தைப் பார்ப்பதும் நல்ல வழி. பின்தடம் முன்தடத்தைவிடக் குறுகலாகவோ அகலமாகவோ இருக்கலாம். ஆனால் அவ்வேற்றுமை இருபக்கமும் சமமாக இருக்க வேண்டும். வண்டி நண்டுபோல் ஒருக்களித்துச் சென்றால், அச்சு நகர்ந்திருக்கிறது அல்லது விபத்தில் அடிச்சட்டமே வளைந்திருக்கிறது. சட்டம் வளைந்த வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இலாபமன்று.

ஷாக் அப்சார்பரைச் சோதிக்க ஒரு மூலையைப் பலமாக அமுக்கி விடுங்கள். எழுந்து ஒருமுறையில் அடங்க வேண்டும். தொட்டில்போல் ஆடிக்கொண்டே இருந்தால் அது பயனற்றது. அதன் உடலில் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருப்பதும் அதே குறிதான். பிறகு டயரைப் பாருங்கள். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. உள்ளோரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் சாய்வு தவறியிருக்கிறது. குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரின் குறை. நான்கு டயர்களும் புத்தம் புதியனவாக இருந்தால் மகிழ்ச்சி கொள்ளுமுன், பழைய டயர்கள் எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, அடியில் உறுதியான தாங்கி கொடுத்து, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பற்றி ஆட்டுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கலாகாது. சக்கரம் ஆடினால், மற்றொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங்; நிற்காவிட்டால் பால்ஜாயிண்டோ கிங்பின்னோ தேய்ந்தது. பால்ஜாயிண்டு ஓட்டத்தில் கழன்றால் சக்கரம் பக்கவாட்டில் மடிந்துவிடும். அதைச் சரிசெய்யும்வரை வண்டியில் ஆளேற்றக் கூடாது. இடமும் வலமுமாகப் பற்றி ஆட்டினால் ஸ்டியரிங் கம்பிகளின் தளர்ச்சி தெரியும்.

அரசு அலுவலகங்களில் கழிவு செய்யப்பட்டு ஏலத்துக்கு வரும் ஜீப்புகளைப் பற்றி உறுப்பினர்கள் கேட்பதுண்டு. அவற்றைப் பெரும்பாலும் ஓட்டிப் பார்க்க இயலாது. ஆயினும் கயிற்றால் அளக்கலாம், பட்டையைத் தடவலாம், தண்டை முறுக்கலாம், மூலையை அமுக்கலாம், அனுமதி கிடைத்தால் எண்ணெய்த் திருகையும் பார்க்கலாம். கியர்பெட்டியும் கிரவுனும் மட்டும் கண்ணுக்குப் புலப்படா. ஆகவே அவ்விரண்டையும் மாற்ற ஆகும் செலவை முன்னதாகவே பட்டறையில் கேட்டுக் குறித்துக்கொண்டு, அத்தொகையைக் கழித்த பின் உள்ள விலைக்கு மேல் ஏலம் கேட்காதீர்கள்.