கடை பத்து இருக்கட்டும், படி ஒன்று இருக்கட்டும்!

(பட்டிமண்டபத் தலைப்பு: கணினி ஆவணங்களுக்கு உலகத் தரம் ஒன்றே போதுமா? ஒன்றுக்கு மேல் வேண்டுமா? - ‘ஒன்றே போதும்’ அணியின் நிறைவுப் பேச்சு)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் அருமையாகப் பேசிய என் அணி நண்பர்களே! அவ்வளவு அருமையாக இல்லாவிட்டாலும் ரொம்ப நேரம் பேசிய எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) அரங்கத்திலும் வீட்டுக் கூடத்திலும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! 

எதிரணித் தம்பி எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: “தமிழ் வாத்தியாருக்குக் கம்ப்யூட்டர் தலைப்பில் என்ன வேலை?” நல்ல கேள்வி. தம்பி, இது கம்ப்யூட்டர் தலைப்பே இல்லை. இது எழுத்துத் தலைப்பு. எழுதினது யாருக்குச் சொந்தம்? எழுதினவனுக்கா, எழுத்தாணி வித்தவனுக்கா? இதுதான் இன்றைக்கு வழக்கு. இதிலே தமிழ் வாத்தியார் பேசாமல் வேறு யார் பேசுவது? (கைதட்டல்)

உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகப் போய் ஏடு தேடினார். 1887இல் சீவக சிந்தாமணி, 1894இல் புறநானூறு என்று அச்சேற்றினார். ஏடு கிடைப்பது அவருக்குக் கஷ்டம். செல்லரித்த ஏட்டைப் பிரிப்பது கஷ்டம். புள்ளி இல்லாத எழுத்தைப் படிப்பது அதைவிடக் கஷ்டம். ஆனால் ஒரு கஷ்டம் மட்டும் அவருக்கு வரவே இல்லை. “ஐயரே, நான் இன்ன கடை எழுத்தாணியால் எழுதப்பட்டவன். அதே கடையில் நீங்களும் ஒரு எழுத்தாணி வாங்கினால்தான் உங்கள் கண்ணுக்கு நான் தெரிவேன்” என்று எந்த ஓலையும் அவரிடம் சொல்லவில்லை! (பலத்த கைதட்டல்)

ஓலை சொல்லாததைக் கம்ப்யூட்டர் சொல்லிற்று ஐயா. நான் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதியது தொண்ணூறுகளின் கடைசியில். டி.டி.பி. சென்டரில் அடித்து, ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். பத்து வருஷம் கழித்து அதை ஒரு நாள் திறந்தேன். சிலப்பதிகாரம் என்று இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறியும், கட்டமும், தலையும் வாலும் இல்லாத ரோமன் எழுத்தும் நிற்கிறது. பக்கத்தில் இருந்த என் மகள், “அப்பா, இதுக்கா உங்களுக்கு டாக்டர் பட்டம் கொடுத்தாங்க?” என்கிறாள். (சிரிப்பு)

காரணம் என்ன? அன்றைக்கு எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஒருவருடைய ‘அ’ இன்னொருவருக்கு ‘ழ’. இதைச் சரி செய்யத்தான் 1999இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடியது. அதை ஒட்டி என்ன வந்தது? தாம் என்று ஒன்று, தாப் என்று ஒன்று. இரண்டு தரம்! கூடவே திஸ்கி வேறு. யூனிகோடு வந்து நிலைத்த பிறகுதானே தமிழ் நிம்மதியாக மூச்சு விட்டது? இரண்டு இருந்தால் வசதி என்று சொல்கிற எதிரணிக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சரி, எழுத்து சரியாகிவிட்டது. ஆனால் ஆவணம் என்பது எழுத்து மட்டும் இல்லையே? எது தலைப்பு, எது அடிக்குறிப்பு, அட்டவணைக்கு எத்தனை பத்தி, பக்கம் எங்கே முடிகிறது, இதெல்லாம் ஃபைலுக்குள் ஒரு முறைப்படி எழுதப்பட்டிருக்கும். அந்த முறைக்குப் பெயர்தான் ஃபார்மட். பல வருஷம் உலகத்தில் பெரும்பாலோர் எழுதியது மைக்ரோசாஃப்ட் வேர்டில். அதன் ஃபார்மட்டோ கம்பெனிக்குத்தான் முழுசாகத் தெரியும். மற்றவர்கள் குத்துமதிப்பாக ஊகித்துத் திறந்தார்கள். அட்டவணை ஒரு பக்கம் ஓடும், அடிக்குறிப்பு ஒரு பக்கம் ஓடும்.

இந்தச் சங்கடத்தைத் தீர்க்க வந்ததுதான் ஓப்பன் டாகுமென்ட் ஃபார்மட், சுருக்கமாக ஓ.டி.எஃப். ஜெர்மனியில் பிறந்த ஸ்டார் ஆபிஸ் என்ற மென்பொருளை 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. அதிலிருந்து ஓப்பன் ஆபிஸ் வந்தது. அதன் ஃபைல் அமைப்பை அடிப்படையாக வைத்து, ஓயாசிஸ் என்ற அமைப்பில் பல கம்பெனிக்காரர்கள் கூடி உட்கார்ந்து விதி எழுதினார்கள். ஓயாசிஸில் மைக்ரோசாஃப்டும் உறுப்பினர்தான். ஆனால் அந்தக் குழுவில் போட்ட நாற்காலியில் வந்து உட்காரவில்லை. 2005 மே மாதம் ஓயாசிஸ் அதை ஏற்றது. 2006 மே மாதம் ஐ.எஸ்.ஓ. வாக்கெடுப்பில் எதிர்ப்பு வாக்கே இல்லாமல் தேறியது. ஐ.எஸ்.ஓ. 26300 என்று உலக முத்திரை விழுந்தது. எழுநூறு சொச்சம் பக்கம்.

இதற்கிடையில் 2005 செப்டம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில அரசு, “இனி எங்கள் ஆவணங்கள் திறந்த ஃபார்மட்டில்தான் இருக்க வேண்டும்” என்று சொல்லி ஓ.டி.எஃப்.ஐ எடுத்துக்கொண்டது. ஒரு அரசாங்கம் சொன்னதும்தான் சூடு பிடித்தது. மைக்ரோசாஃப்ட் தன் ஆபிஸ் 2007க்காகச் செய்த ஃபார்மட்டை எக்மா என்ற அமைப்பிடம் கொடுத்தது. அதன் பெயர் ஆபிஸ் ஓப்பன் எக்ஸ்.எம்.எல். பெயரைக் கவனியுங்கள் நடுவர் அவர்களே. அது ஓப்பன் ஆபிஸ், இது ஆபிஸ் ஓப்பன். திருநெல்வேலி அல்வாக் கடைக்குப் பக்கத்தில் இன்னொரு திருநெல்வேலி அல்வாக் கடை! (சிரிப்பு) 2006 டிசம்பரில் எக்மா ஏற்றுக்கொண்டது. அடுத்து ஐ.எஸ்.ஓ. வாசல். அங்கே ‘ஃபாஸ்ட் டிராக்’ என்று ஒரு விரைவு வழி.

விரைவு வழி தப்பா என்றால், தப்பில்லை. ஓ.டி.எஃப்.கூடச் சுருக்கு வழியில்தான் வந்தது. ஆனால் இது ஆறாயிரம் பக்கத்துக்கு மேல்! வாக்களிக்க நாடுகளுக்குக் கிடைத்தது ஐந்து மாதம். தினம் நாற்பது பக்கம் என்று, ஞாயிறு தீபாவளி பார்க்காமல் படித்தால் படித்து முடிக்கலாம். புரிந்துகொள்வது எப்போது? ஒரு பி.எச்டி. ஆய்வேடு முந்நூறு பக்கம் அனுப்பினாலே ஆறு மாசம் ஆகும் எங்கள் ஆட்கள் திருத்தித் தருவதற்கு! (சிரிப்பு)

அந்த ஆறாயிரத்துக்குள் என்ன இருந்தது? இரண்டே உதாரணம். 1900ஆம் வருஷம் பிப்ரவரிக்கு எத்தனை நாள்? நூற்றாண்டு வருஷம் நானூறால் வகுபட்டால்தான் லீப் வருஷம். 1900 வகுபடாது. ஆக, 28 நாள். ஆனால் லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளில் ஒரு பிழை. அது 1900ஐ லீப் வருஷமாக எண்ணியது. அதோடு ஒத்துப்போக வேண்டும் என்று எக்செலும் அப்படியே எண்ணியது. சரி, வியாபாரம். ஆனால் அந்தப் பிழையை உலகத் தர வரைவிலும் கொண்டுவந்து வைத்தார்கள். எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாத பிப்ரவரி 29 அங்கே இருந்தது ஐயா!

இரண்டாவது உதாரணம். ‘வேர்டு 95 மாதிரி இடைவெளி விடு’ என்ற பொருளில் ஒரு குறி இருந்தது. வேர்டு 95 எப்படி விடும்? அதற்கு விளக்கம் இல்லை. அந்த மென்பொருளைப் பார்த்து அதே மாதிரி செய்துகொள் என்பதுதான் குறிப்பு. வீட்டில் தாய்மார்களுக்குப் புரியும். சமையல் புத்தகம் வாங்குகிறோம். ‘உப்பு: எங்க பாட்டி போடுற அளவு’ என்று எழுதியிருக்கிறது. பாட்டி யார் வீட்டில் இருக்கிறார்? புத்தகம் எழுதினவர் வீட்டில்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

2007 செப்டம்பரில் முதல் வாக்கெடுப்பு முடிந்தது. முழுப் பங்கேற்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். கிடைத்தது 53 சதவீதம். மொத்த வாக்கில் எதிர்ப்பு 25க்குள் இருக்க வேண்டும்; வந்தது 26. தேறவில்லை. ஆயிரக்கணக்கில் ஆட்சேபங்கள். எக்மா அவற்றைத் தொகுத்து 1,027 பதில் எழுதியது. அவற்றைத் தீர்க்க 2008 பிப்ரவரியில் ஜெனிவாவில் கூட்டம் போட்டார்கள். எத்தனை நாள்? ஐந்து நாள்! பெரும்பாலானவற்றைப் பேசவே நேரமில்லாமல் மொத்தமாகச் சீட்டில் எழுதி வாக்குப் போட்டு முடித்தார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில்கூட ஒரு வரப்புத் தகராறுக்கு மூணு நாள் உட்காருவார்கள் ஐயா.

எதிரணி அம்மா சொன்னார்கள், “எல்லாம் ஜனநாயக முறைப்படிதானே நடந்தது?” என்று. அம்மா, சுவீடனைப் பாருங்கள். 2007 ஆகஸ்டில் வாக்கெடுப்புச் சமயத்தில் பல கம்பெனிகள் புதிதாகக் கட்டணம் கட்டிக் குழுவுக்குள் வந்தன. பலரும் மைக்ரோசாஃப்டின் வியாபாரக் கூட்டாளிகள். ஆதரித்தால் விளம்பர வகையில் உதவி உண்டு என்று கூட்டாளிகளுக்கு எழுதியது வெளியே வந்தபோது, அது ஓர் ஊழியர் செய்த தவறு என்று மைக்ரோசாஃப்டே சொன்னது. ஒருவர் ஒன்றுக்கு மேல் வாக்களித்தார் என்று கண்டு, வாக்கெடுப்பையே செல்லாது என்று அறிவித்தது சுவீடன் தர அமைப்பு. நார்வேயில் தொழில்நுட்பக் குழுவின் பெரும்பான்மை ‘வேண்டாம்’ என்றது. அமைப்பின் நிர்வாகம் ‘வேண்டும்’ என்று வாக்களித்தது. 2008 ஏப்ரலில் ஆஸ்லோ தெருவில் இதற்காக ஊர்வலம் போனார்கள். அக்டோபரில் குழுவிலிருந்து 13 பேர் விலகினார்கள்.

2008 ஏப்ரல் 2ஆம் தேதி முடிவு வெளியானது. ஆதரவு 75 சதவீதம், எதிர்ப்பு 14 சதவீதம். தேறிவிட்டது. நம் நாடு என்ன செய்தது? இந்திய தர நிர்ணய அமைவனம் இரண்டு முறையும் ‘வேண்டாம்’ என்றே வாக்களித்தது. (கைதட்டல்) தென்னாப்பிரிக்கா, பிரேசில், வெனிசுலாவோடு சேர்ந்து மேல்முறையீடும் செய்தது. ஆகஸ்டில் நான்கும் தள்ளுபடி. நவம்பரில் ஐ.எஸ்.ஓ. 29500 என்று இரண்டாவது தரம் வெளியானது.

இனி எதிரணியின் வாதத்துக்கு வருகிறேன். நியாயமாகச் சொன்ன இரண்டை நியாயமாகவே எடுத்துக்கொள்வோம். முதலாவது, ஓ.டி.எஃப். பக்கமும் வியாபாரிகள்தானே என்றார்கள். உண்மை. சன்னும் ஐ.பி.எம்.மும் சத்திரம் கட்டித் தர்மம் பண்ண வரவில்லை. ஓ.டி.எஃப்.இன் முதல் பதிப்பில் கணக்குத் தாளுக்கான வாய்பாடுகளே சரியாக வரையறுக்கப்படவில்லை. 2011இல்தான் ஓயாசிஸ் அந்தக் குறையைத் தீர்த்தது. இரண்டாவது, கோடிக்கணக்கான பழைய வேர்டு ஃபைல்களை என்ன செய்வது என்றார்கள். அதுவும் நியாயமான கவலை. பழைய ஃபைல் எப்படி எழுதப்பட்டது என்று கம்பெனி விளக்கம் வெளியிடட்டும். வேண்டாம் என்று யார் சொன்னார்? ஆனால் ஒரு சரக்கின் வர்ணனை வேறு, உலகத்துக்கான அளவுகோல் வேறு. என் கைமுழம் எவ்வளவு என்று எழுதி வைக்கலாம். அதையே மீட்டர் என்று முத்திரை குத்தச் சொல்லலாமா?

“போட்டி இருந்தால்தானே நல்லது?” என்று எதிரணித் தலைவர் மேசையைத் தட்டினார். அண்ணாச்சி, போட்டி எதில் வேண்டும்? சந்தையில் அரிசிக் கடை பத்து இருக்கட்டும். விலையில் போட்டி, சுத்தத்தில் போட்டி, சிரித்த முகத்தில் போட்டி. எல்லாம் நல்லது. ஆனால் கடைக்கு ஒரு படி வைத்துக்கொண்டால்? ஒருத்தர் படி பெரிசு, ஒருத்தர் படி சிறிசு. அப்புறம் எந்தக் கடையில் விலை குறைவு என்று எப்படிச் சொல்வீர்கள்? கடைகள் போட்டி போட வேண்டுமென்றால் படி ஒன்றாக இருக்கணும். படியிலேயே போட்டி வந்தால் கடையில் போட்டி செத்துப்போகும்! (நீண்ட கைதட்டல்)

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது தரத்தை ஐ.எஸ்.ஓ. இரண்டு வகையாகப் பிரித்தது. பழைய சங்கதிகளைக் கழித்துவிட்ட ‘கண்டிப்பான’ வகை ஒன்று. பழைய ஃபைல்களுக்காக ‘இடைக்கால’ வகை ஒன்று. ஆபிஸ் 2010 எழுதியது இடைக்கால வகையைத்தான். கண்டிப்பான வகையில் சேமிக்கும் வசதி வந்தது 2013 பதிப்பில். இன்றைக்கும் நீங்கள் ஒன்றும் மாற்றாமல் சேமித்தால் இடைக்கால வகையிலேதான் போய் உட்காருகிறது. இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்த மைத்துனர் மாதிரி! (சிரிப்பு) மாசசூசெட்ஸ் 2007லேயே இரண்டையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஆனால் 2010இல் இந்திய அரசு திறந்த தரங்களுக்கான கொள்கையில் என்ன எழுதிற்று? ஒரு பயனுக்கு, உரிமத் தொகை இல்லாத ஒரே தரம்தான் குறிக்கோள் என்று எழுதிற்று. 2014இல் பிரிட்டிஷ் அரசு திருத்தக்கூடிய ஆவணங்களுக்கு ஓ.டி.எஃப். ஒன்றையே தேர்ந்தெடுத்தது. இவர்கள் எல்லாம் விவரம் தெரியாதவர்களா?

நடுவர் அவர்களே, இது இரண்டு கம்பெனிச் சண்டை இல்லை. பிறப்புச் சான்றிதழ், நிலப் பத்திரம், கோர்ட் தீர்ப்பு, ஆய்வேடு எல்லாம் இன்று ஃபைலாகத்தான் பிறக்கின்றன. ஐம்பது வருஷம் கழித்து ஒரு விவசாயியின் பேரன் தன் நிலத்துக் காகிதத்தைத் திறக்கணும். அப்போது எந்தக் கம்பெனி இருக்குமோ, எது இருக்காதோ. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்றேனே, அதுவே 2010இல் இன்னொரு கம்பெனிக்குள் கரைந்துவிட்டது. ஆனால் ஊர் கூடி எழுதிய விதி கையில் இருந்தால், யார் வேண்டுமானாலும் ஒரு திறவுகோல் செய்துகொள்ளலாம்.

இன்று நீங்கள் எழுதப் போகிற தீர்ப்பையும் கம்ப்யூட்டரில்தான் சேமிப்பீர்கள். உங்கள் பேரன் அதைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரிய வேண்டுமா, எழுத்து எழுத்தாகத் தெரிய வேண்டுமா? (சிரிப்பு) எழுத்தாகத் தெரிய வேண்டும் என்றால், கடை பத்து இருக்கட்டும், படி ஒன்று இருக்கட்டும் என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.

(நீண்ட கைதட்டல்)